வீரத்தை நிறுக்கும் தராசு

நாட்டை ஆண்டவர் பலர். நெஞ்சை ஆண்டவர் சிலர். வரலாற்று நூல்களைப் புரட்டினால் வாளேந்திய தலைவர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவருள் பெரும்பாலோர் ஆண்டுக் குறிப்போடு நின்றுவிட்டனர். ஒருசிலரே தாயின் வாயில் கதையாகவும், பாடகன் வாயில் பாட்டாகவும், இளைஞன் உள்ளத்தில் ஊக்கமாகவும் இன்றும் வாழ்கின்றனர். இப்பேறு அவர்க்கு எதனால் வாய்த்தது? வெற்றியினாலா? வெற்றி பெற்று மறக்கப்பட்டோர் பலர். வீர மரணத்தினாலா? களத்தில் மாண்ட எண்ணற்றோரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆயின், ஒரு தலைவரை மக்கள் நெஞ்சில் நிலைநிறுத்தும் பண்பு யாது? அப்பண்பை எழுத்தில் வடிக்கும் முறை யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு இன்று தேவை மிகுந்துள்ளது. வரலாற்று மாந்தர் ஒருவரைப் பற்றி ஒரு சாரார் வானளாவப் புகழ்ந்து எழுதுகின்றனர். அதே மனிதரை மற்றொரு சாரார் பாதாளம் வரை தாழ்த்தி எழுதுகின்றனர். திப்பு சுல்தானை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிறந்தநாளைக் கர்நாடக அரசு 2015-ஆம் ஆண்டு முதல் அரசு விழாவாகக் கொண்டாடியது. 2019-இல் வேறோர் அரசு வந்து அதை நிறுத்திற்று. மனிதர் ஒருவரே, மறைந்து இரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆட்சி மாறுந்தோறும் அவர் வீரராகவும் கொடியவராகவும் மாறி மாறிக் காட்டப்படுகிறார். இதனைக் காணும் நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடம் வந்து, “எது உண்மை?” என்று கேட்கிறார்கள். விடை சொல்ல வேண்டிய பெற்றோர் கையில் தராசு இருத்தல் வேண்டாவா?

சங்ககிரி நமக்குச் சொல்லும் சேதி

தொலைவில் உள்ள சான்றுகளைத் தேடிப் போகுமுன் அருகில் உள்ளதைக் காண்போம். நம் இளம்பிள்ளையிலிருந்து தென்மேற்கே ஒரு சிறு பேருந்துப் பயணத் தொலைவில் சங்ககிரி மலைக்கோட்டை நிற்கிறது. மைசூர் ஆட்சியின் கீழ் இருந்த சேலம், பாராமகால் பகுதிகள் மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியார் கைக்குச் சென்றன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1805-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அதே சங்ககிரிக் கோட்டையில் கொங்கு நாட்டுத் தலைவர் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று மக்கள் அங்கே திரண்டு அவரை நினைவுகூர்கின்றனர்.

சின்னமலையின் வரலாற்றில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. மைசூர் ஆட்சிக்குச் சென்றுகொண்டிருந்த வரிப்பணத்தை வழிமறித்து எடுத்துக்கொண்டவர் அவர் என்பது கொங்கு நாட்டு வழக்கு. அவ்வளவு மனத்தாங்கல் மைசூரின் மீது இருந்தும், கும்பினியாரின் ஆதிக்கம் வளர்ந்தபோது அவர் திப்புவின் பக்கம் சேர்ந்து போரிட்டார். திப்பு 1799-இல் வீழ்ந்த பின்னரும் அவர் பணியவில்லை. காவிரிக் கரையிலும், ஓடாநிலையிலும், அரச்சலூரிலும் கும்பினிப் படையை எதிர்த்தார். தம் சொந்த மனக்குறையைப் பெரிய கடமைக்கு முன்னே ஒதுக்கி வைக்கத் தெரிந்தவர் அவர். அவரை நம் நினைவில் நிறுத்தும் பண்பு இதுவே என்று கருதுகிறோம். வாள்வீச்சைக் காட்டிலும் இது அரிது. அண்ணன் தம்பியிடையே வரப்புத் தகராறு உள்ள எந்த வீட்டாரும் இதன் அருமையை அறிவர்.

திப்புவை நம்மவர் என்றும் சின்னமலையை அவர்தம் தலைவர் என்றும் பங்கிட்டுக்கொள்வோர் இந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்ப்பார்களாக. அவ்விருவரும் அப்படிப் பங்கிட்டுக்கொள்ளவில்லை.

முன்னோர் வகுத்த கலை

மனிதரை நிறுக்கும் தராசு நம் முன்னோரிடம் இருந்தது. நபிமொழிகளை அறிவித்த ராவிகளைச் சோதிப்பதற்கென்றே ஒரு கலையை அவர்கள் வளர்த்தனர். ‘ஜர்ஹு வத்தஃதீல்’ என்பது அதன் பெயர். ஒருவரின் குறையை எடுத்துரைப்பது ஜர்ஹ். அவருடைய நம்பகத்தை உறுதி செய்வது தஃதீல். தொழுகையாளி என்பதற்காகவோ, பேணுதல் மிக்கவர் என்பதற்காகவோ ஒருவருடைய அறிவிப்பை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. நினைவாற்றல் குன்றியவராயின், “நல்லவர்; ஆயினும் அறிவிப்பில் பலவீனமானவர்” என்று எழுதி வைத்தனர். ஹிஜ்ரி 234-இல் மறைந்த அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்கள் தம் தந்தையையே அறிவிப்பில் பலவீனமானவர் என்று கூறியது இக்கலை பயின்றோர் யாவரும் அறிந்த செய்தி. தந்தையின் மீது அன்பில்லாமலா அவ்வாறு கூறினார்? மார்க்கம் சம்பந்தப்பட்ட ஒன்றில் அன்பு உண்மையை மறைத்துவிடலாகாது என்று எண்ணினார்.

இத்துணைக் கண்டிப்பான மரபுக்கு உரியவர்களாகிய நாம், அரசர்களையும் படைத்தலைவர்களையும் பற்றி எழுதும்போது மட்டும் அத்தராசை ஏன் மூலையில் போட்டுவிடுகிறோம்? பத்தாயிரம் பேரை ஒரே நாளில் வெட்டி வீழ்த்தினார் என்று ஒருவர் எழுதினால், அடுத்தவர் அதை இருபதினாயிரமாக ஆக்குகிறார். வரலாற்று ஆசிரியர்கள் எண்ணிக்கையில் காட்டும் இம்மோகத்தை இப்னு கல்தூன் 14-ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார். மூஸா (அலை) அவர்களுடைய படையினர் ஆறு இலட்சம் பேர் என்று முன்னோர் எழுதிய கணக்கை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரை எந்த நாடு தாங்கும், எந்தக் களம் கொள்ளும், ஓர் அணியின் நிலை மற்றோர் அணிக்கு எங்ஙனம் தெரியவரும் என்று தம் ‘முகத்திமா’வில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுதியவரின் பெருமையை மட்டும் பார்த்து அவர் சொல்லை ஏற்றுக்கொள்ளாதீர். சொல்லப்பட்ட செய்தி நடந்திருக்கக் கூடியதா என்றும் பாருங்கள் என்பது அவர் கற்பித்த பாடம்.

புலவன் வேறு, வரலாற்றாசிரியன் வேறு

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலும், நம் புலவர்கள் பாடிய படைப்போர் இலக்கியங்களிலும் உயர்வு நவிற்சி இல்லையா? அவற்றையும் தள்ளிவிடுவதா? வேண்டியதில்லை. காப்பியத்திற்கென ஓர் இலக்கணம் உண்டு. அரபு நாட்டைப் பாடும் புலவர் தமிழ்நாட்டு மருத நிலத்தையும் நீர்வளத்தையும் அங்கே கொண்டுபோய் வைக்கிறார். அதைப் படித்து எவரும் அரபு நாட்டுப் பூகோளம் கற்பதில்லை. சுவைக்கவே கற்கின்றனர். கதைப்பாடலுக்கும் தனி இலக்கணம் உண்டு. இரவெல்லாம் ஊரைக் கண்விழிக்கச் செய்ய வேண்டிய பாடகன் சிறிதைப் பெரிதாக்கித்தான் பாடுவான். கேட்போர்க்கும் அது தெரியும்.

தன்னை வரலாறு என்று அழைத்துக்கொள்ளும் உரைநடை நூலுக்கு அவ்வுரிமை இல்லை. காப்பியத்தின் சலுகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாற்றின் மதிப்பையும் பெற முயலும் நூல்களே நம்மிடையே மிகுந்துவிட்டன. தலைவர் கருவிலேயே திருவுடையவர், தொட்டிலிலேயே வீரர், ஒருநாளும் அஞ்சியதில்லை, தோற்றதில்லை, தவறியதில்லை. இவ்வாறு எழுதப்பட்ட நூலைப் படித்து முடித்த பிள்ளை என்ன எண்ணுவான்? இவர் வேறு படைப்பு, நான் வேறு படைப்பு என்றே எண்ணுவான். வியப்பு பிறக்கும், பின்பற்றும் எண்ணம் பிறவாது. தறிக்குப் பாவு பிணைத்துக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவன் அந்நூலிலிருந்து நாளைக் காலை செய்யத்தக்கதாக எதை எடுத்துக்கொள்வான்?

ஒரு நல்ல முன்மாதிரி

எழுதத் தெரிந்தவர் எங்ஙனம் எழுதினார் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் படை நீதிபதியாக 1188 முதல் உடனிருந்தவர் பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். ‘அந்நவாதிருஸ் ஸுல்தானிய்யா’ என்னும் அவருடைய நூல் போர்களை உடனே சொல்லத் தொடங்கவில்லை. நீதி, கொடை, வீரம், பொறுமை, மன்னிக்கும் இயல்பு என்று பண்புகளை முதலில் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தாம் கண்ணால் கண்ட நிகழ்ச்சிகளைச் சான்றாக வைக்கிறது.

அவற்றுள் ஒன்று: வணிகர் ஒருவர் சுல்தானின் மீதே வழக்குக் கொண்டுவந்தார். இப்னு ஷத்தாதே நீதிபதி. சுல்தான் தம் ஆசனத்தை விட்டிறங்கி வழக்காடியோடு சமமாக அமர்ந்தார். சாட்சியங்களைக் கேட்டதில் வணிகரின் கோரிக்கை நிற்கவில்லை. ஆயினும் அவரை வெறுங்கையுடன் அனுப்பாமல், ஆடையும் வழிச்செலவும் அளித்து அனுப்பினார் சுல்தான். மற்றொன்று: எதிரிப் பாசறையிலிருந்து ஒரு தாய் அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய கைக்குழந்தையைச் சுல்தானின் ஆட்கள் இரவில் தூக்கி வந்துவிட்டனர். குழந்தை சந்தையில் விற்கப்பட்டுவிட்டது என்றறிந்த சுல்தான், விலையைக் கொடுத்து மீட்டுத் தாயின் கையில் சேர்ப்பித்தார். மூன்றாவது: 1193-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது கருவூலத்தில் இருந்தவை 47 திர்ஹங்களும் ஒரு பொற்காசுமே. எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவருக்குச் சொந்தமாக வீடோ தோட்டமோ இல்லை.

இம்மூன்றிலும் வாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். வலிமை கையில் இருக்கும்போது நீதிக்கு முன் அமர்தல், பகைவரின் துயரைத் தன் துயராகக் கருதுதல், பொதுப்பொருளை அமானிதமாகப் பேணுதல் ஆகியவையே உள்ளன. ஜமாஅத்துத் தலைவராலும், கூட்டுறவுச் சங்கத்துப் பொருளாளராலும், பத்துத் தறி வைத்திருக்கும் முதலாளியாலும் செய்யக் கூடியவை இவை. செய்யக் கூடியவை என்பதாலேயே அவை நம்மை உறுத்துகின்றன, ஊக்குகின்றன.

இப்னு ஷத்தாத் தோல்வியையும் மறைக்கவில்லை. 1192-இல் யாஃபா நகரின் முன்னே சுல்தான் பாய்ந்து தாக்குமாறு கட்டளையிட்டபோது அவருடைய படைவீரர்களே மறுத்து நின்றதை எழுதி வைத்துள்ளார். ஹித்தீன் போரில் பிடிபட்ட டெம்ப்ளர் படைத்துறவிகள் கொல்லப்பட்டதும் அவர் நூலில் உள்ளது. அதனால் அந்நூல் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. அவர் சுல்தானின் ஊழியர், நெருங்கிய அன்பர், புகழும் இடங்களில் அன்பின் மிகுதி தெரியவே செய்கிறது. அதையும் தராசில் வைத்தே படிக்க வேண்டும். ஆயினும், படை மறுத்ததைச் சொன்ன பேனாவே குழந்தையை மீட்டதையும் சொல்வதால், இரண்டாவதையும் நாம் நம்புகிறோம்.

திப்புவைத் தராசில் வைப்போம்

இனி நாம் விட்டுவந்த திப்புவிடம் மீள்வோம். அவரை உயர்த்தும் தட்டில் வைக்கத்தக்கவை எவை?

1792-இல் பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் இழக்க நேர்ந்தது. தம் சிறு புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். தொகையைச் செலுத்தி 1794-இல் அவர்களைத் திரும்பப் பெற்றார். தோற்ற நிலையிலும் நாட்டைச் சீர்செய்யும் பணியை விடவில்லை. வங்காளத்திலிருந்து பட்டுப்பூச்சி வளர்ப்பைக் கொணர்ந்து மைசூரில் வேரூன்றச் செய்தவர் அவர். சேலைத் தொழிலால் வாழும் நம்மூர் மக்களுக்கு அவருடைய போர்களைவிட இச்செய்தி நெருக்கமானது அன்றோ! அவர் வீழ்ந்தபோது அரண்மனை நூலகத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் சுவடிகள் இருந்தன. அவற்றின் அட்டவணையைச் சார்லஸ் ஸ்டுவர்ட் என்பவர் 1809-இல் வெளியிட்டார். 1791-இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, அதைச் சீர்செய்யப் பொருளுதவி செய்து மடாதிபதிக்கு மரியாதையுடன் கடிதங்கள் எழுதினார். 1916-இல் அக்கடிதங்கள் மடத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. இறுதியாக, ஐதராபாத் நிஜாம் 1798-இல் செய்ததைப் போலக் கும்பினியாரின் படையை ஏற்று அவர் நிழலில் அரசராக வாழும் வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அதைத் தேராமல் 1799 மே 4-ஆம் நாள் தம் கோட்டையைக் காத்து நின்று வீழ்ந்தார்.

மற்றொரு தட்டில் வைக்க வேண்டியவையும் உள. குடகு நாட்டு மக்களைப் பெருந்தொகையில் சிறைபிடித்துக் கொண்டுபோனதும், 1784-இல் மங்களூர்க் கிறிஸ்தவர்களைச் சீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிச் சென்றதும், மலையாள நாட்டில் கட்டாய மதமாற்றம் நடந்ததும் வரலாற்றில் பதிந்துள்ளன. கும்பினியாரின் எழுத்தாளர்கள் அவற்றை மிகைப்படுத்தினர் என்பது உண்மை. அவர்கள் போரை நியாயப்படுத்த வேண்டியிருந்தது. அம்மக்கள் எதிரிக்குத் துணைநின்றனர் என்று அவர் கருதியதும் உண்மை. ஆயினும் காரணம் வேறு; நியாயம் வேறு. மார்க்கத்தில் நிர்ப்பந்தத்துக்கு இடமில்லை என்பதை ஓதும் நாம், ஓர் அரசர் செய்தார் என்பதற்காக அதை நியாயப்படுத்தப் புகுந்தால், அரசரை மார்க்கத்துக்கு மேலே வைத்தவர்கள் ஆவோம்.

இரு தட்டுகளையும் வைத்த பின்பு எஞ்சுவது என்ன? ஒரு முழு மனிதர் எஞ்சுகிறார். சிருங்கேரிக்கு எழுதிய அதே கை குடகில் கடுமை காட்டிய கைதான் என்று அறியும்போது, அரசாட்சி என்னும் அமானிதம் எத்துணைப் பாரமானது என்பது விளங்குகிறது. நெறியில் நின்ற இடத்தில் அவரைப் பின்பற்றவும், தவறிய இடத்தில் எச்சரிக்கை பெறவும் நம்மால் இயல்கிறது. புகழ்ச்சி நூல்கள் இவ்விரண்டில் ஒன்றைப் பறித்துக்கொண்டன. பழிக்கும் நூல்கள் மற்றொன்றைப் பறித்துக்கொண்டன.

அவர் வாயில் வைக்கப்படும் சிங்கம், நரி பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாசகத்தையும் இவ்விடத்தில் நினைக்கலாம். மேடைதோறும் அது முழங்குகிறது. அதை எவர் காதால் கேட்டார், எவர் வழியாக வந்தது என்று இஸ்னாது கேட்பவர் இல்லை. அவ்வாசகம் இல்லாமலே அந்த மே மாதத்துப் பகல் போதுமான சான்றன்றோ? செயல் பேசும்போது வசனம் எதற்கு?

கான் சாகிபின் வழக்கு

இன்னும் கடினமான ஒரு சோதனை உண்டு. மதுரையை ஆண்ட முகம்மது யூசுப் கான் என்னும் கான் சாகிபைத் தமிழகம் அறியும். கும்பினியாரின் படைத்தலைவராக இருந்து, அவர்களை எதிர்த்த பூலித்தேவர் போன்ற பாளையக்காரர்களை அடக்கியவர் அவரே. பின்னர் 1763-இல் அதே கும்பினியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து எழுந்தார். முற்றுகையைப் பல மாதம் தாங்கி, தம் ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கவிடம் மதுரைச் சம்மட்டிபுரத்தில் உள்ளது. ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடல் அவர் நினைவை மக்களிடையே நிறுத்தியது. அதைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார்.

வாழ்நாளின் பெரும்பகுதியை அன்னியனுக்கு ஊழியம் செய்து கழித்தவரைப் பாட்டில் வைத்து மக்கள் ஏன் பாடினர்? அவருடைய ஆட்சியில் வழிப்பறி அடங்கியது. ஏரிகளும் கால்வாய்களும் சீராயின. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய வருவாய் மீட்டளிக்கப்பட்டது. குடிமக்கள் அவரிடம் கண்டது நிர்வாக நேர்மை. இறுதியில் அவர் எடுத்த முடிவு அவர் உயிரை விலையாகக் கேட்டது, அவர் கொடுத்தார். தொடக்கம் எவ்வாறாயினும் ஒரு மனிதன் திரும்பி நிற்க முடியும் என்னும் நம்பிக்கையை அவர் வரலாறு தருகிறது. அவரது முற்பகுதியை மறைத்து எழுதினால் இந்த நம்பிக்கையே மறைந்துபோகும். குறையை நீக்கினால் பெருமையும் உடன் போய்விடும் இடங்களில் இது தலையாயது.

நிறைவாகச் சில சொற்கள்

நம் ஊரார்க்கு விளங்கும் தொழிலை வைத்தே சொல்வோம். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறான், அறுந்த இடத்தைக் கண்டு பிணைக்கிறான், பிறகு ஓட்டுகிறான். அறுந்ததை மறைத்து மடித்து விற்ற சேலை, வீட்டில் பிரித்த அன்றே வாங்கியவரை ஏமாற்றத்தில் ஆழ்த்தும். அவர் அந்த ஓர் இழைக்காக முழுச் சேலையையும் தூக்கி எறிவார். அடுத்த முறை அந்தக் கடைப் பக்கமே வாரார். குறை மறைத்த வரலாற்றை நம்பி வளர்ந்த பிள்ளை, வெளியே சென்று மாற்றார் நூலைப் படிக்கும் நாளில் இதே நிலையை அடைகிறான். தலைவரையும் எறிகிறான்; சொல்லிக்கொடுத்த நம்மையும் நம்ப மறுக்கிறான்.

ஆதலின், எழுதுவோர்க்கும் வீட்டில் கதை சொல்லும் தாய்தந்தையர்க்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் இது. ஒரு தலைவரைப் பற்றிச் சொல்லும்போது நான்கு வினாக்களைக் கேளுங்கள். எளிய வழி திறந்திருந்தும் அவர் கடிய வழியைத் தேர்ந்தாரா? தம்மைத் தட்டிக்கேட்கும் நீதிக்கு இடம் கொடுத்தாரா? பொதுப்பொருளில் அவர் கை தூய்மையாக இருந்ததா? அவருக்கு உறவில்லாத மக்கள், ஏன், பகைவர்கூட, அவரிடம் நன்மை கண்டனரா? இவற்றுக்கு ஆம் என்னும் இடங்களில் அவர் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டி. இல்லை என்னும் இடங்களில் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் கலங்கமாட்டார்கள். உண்மை கேட்டு வளர்ந்த பிள்ளையே உண்மை பேசும்.

தந்தையின் பலவீனத்தையும் மறைக்காமல் சொன்னவர்களின் வழிவந்தோர் நாம். அரசர்களுக்காக அவ்வழியைக் கைவிட வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.